கொக்கு மார்க் சவரக்கத்தி

என் மாமனார் இறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் மாமியார் அவருடைய பீரோவைத் திறக்கச் சம்மதித்தார். அதுவரை அதைத் துடைப்பார், அதன்மேல் போர்வை மடித்து வைப்பார், சாவியை மட்டும் தர மாட்டார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, சாவியைக் கொண்டுவந்து என் மனைவியின் மடியில் போட்டார்.

"சட்டையெல்லாம் யாருக்காவது குடுத்துடு. கடுதாசி எதுவும் இருந்தா என் கண்ணுல காட்டாத."

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

கடுதாசி என்று அவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. மாமனார் தையல் கடை வைத்திருந்தவர். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவார். தெருமுனையிலேயே தபால் பெட்டி இருக்கும்போது, நாலு தெரு தள்ளியிருக்கும் பெட்டிக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டு வருவார். கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே இப்படித்தான். பதில் வீட்டுக்கு வந்ததில்லை. கடைக்கு வந்திருக்க வேண்டும். யாருக்கு எழுதுகிறார் என்று மாமியார் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று பயம். அதற்குப் பதிலாக, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலில் உப்பை அள்ளிப் போடுவார். மாமனாரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு முடித்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார். முப்பத்தேழு வருடம் குடும்பம் இப்படி நடந்தது. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த புதிதில் என் மனைவி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் குடும்ப ரகசியம் இதுதான். இல்லையென்றால் மாதத்தின் முதல் ஞாயிறு நான் மருத்துவரிடம் ஓடியிருப்பேன்.

பீரோவில் கடிதம் எதுவும் இல்லை. பதினாறு சட்டைகள், அவர் கையாலேயே தைத்தவை, இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் துணியில் சுற்றிய ஒரு சவரக்கத்தி. மடக்கிய நிலையிலேயே துருவேறி இறுகிப்போயிருந்தது. விளிம்பில் சோப்பு நுரை காய்ந்து சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்தது. அதில் நாலைந்து கறுப்பு மயிர்கூட இருந்தது.

"அத்தை, இது மாமாவோடதா?"

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "தெரியலையே. அதால அவர் ஒரு நாள்கூட ஷேவ் பண்ணி நான் பாத்ததில்ல. தூக்கிப் போடுங்க மாப்பிள்ளை."

நான் தூக்கிப் போடவில்லை. நான் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவன். எதையாவது தேய்க்கலாம் என்றால் எனக்குக் கை ஊறும்.

ஐந்து வாரம் பிடித்தது. முதல் வாரம் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். கத்தி திறந்தது. காய்ந்த நுரையையும் மயிரையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி விட்டேன். பிடி கொம்பால் ஆனது, வாழைப்பழம்போல் வளைந்திருந்தது. வெந்நீரில் போட்டு இளக்கி, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் வைத்து நெருக்கிக் கட்டி, நேராக்கினேன். பிறகு உப்புத்தாள். முரடில் ஆரம்பித்து, வழவழவென்று இருக்கும் தாள் வரைக்கும், தண்ணீர் தொட்டுத் தொட்டு. துரு போகப் போக எஃகு வெளியே வந்தது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். கத்தியின் இரண்டு கன்னங்களும் ஒன்றுபோல் இல்லை. இடது பக்கம் ஒரு மயிரிழை தடிப்பு. வேறு யாருக்கும் கண்ணில் படாது. எனக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தத் தடிப்பைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். கடைசியாக லென்ஸுக்குப் போடும் பாலிஷ் பொடியைப் போட்டுத் துடைத்தபோது, கத்தியின் அடிப்பகுதியில் ஒரு முத்திரை தெரிந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு. அதற்குக் கீழே ஏழு என்று ஓர் எண்.

இதைச் செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கை குடுப்பேன்."

"கையில கத்தி இல்லாம குடுங்க."

நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சலூன்காரர் கத்தியை வாங்கி, திருப்பி, முத்திரையைப் பார்த்ததும் மேஜைமேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"கொக்கு மார்க் நல்ல கத்தி சார். ஆனா ஏழாம் நம்பரா? எங்கப்பா ஏழாம் நம்பர் ஒண்ணு வச்சிருந்தார். ஒரு கஸ்டமரோட கிருதா ஒரு பக்கம் காணாமப் போச்சு. அந்த ஆள் இன்னும் எங்க தெருப் பக்கம் வர்றதில்ல."

"கம்பெனி இருக்கா?"

"ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடி. இப்ப கத்தி பண்றதில்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் சக்கரம் பண்றாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சவரக்கத்தி என்றதும், "அதை நிறுத்தி முப்பது வருஷம் ஆச்சு சார்" என்றாள். நான் திரும்புவதற்குள், "ஆனா புகார் பிரிவு இருக்கு. ரெண்டாவது மாடி, கடைசி ரூம்" என்றாள்.

"கத்தியே இல்லாம புகார் பிரிவு எதுக்கு?"

"ஒரு புகார் பாக்கி இருக்காம்."

இரண்டாவது மாடியில் நடை முழுக்கச் சக்கரங்கள் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தன. கடைசி அறையின் கதவில் 'சவரக்கத்திப் புகார்கள்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் ஓய்வு பெறும் வயதில் ஒரு பெண்மணி, இடது கையால் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவர்தான் புகார் அதிகாரி. எழுத்தர், கோப்புக் காப்பாளர், கடைநிலை ஊழியர் எல்லாமும் அவரே.

நான் கத்தியை மேஜைமேல் வைத்தேன். முத்திரையைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"டெய்லர் சார் குடுத்து விட்டாரா? அவர் வரலையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவர் என் மாமனார். போன வருஷம் இறந்துட்டார்."

அவர் உட்கார்ந்தார். மின்விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது.

"எந்தத் தேதி?"

சொன்னேன். ஒரு பேரேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். "அதான் ஒரு வருஷத்துக்கு மேலா கடுதாசி வரல. கோவமா இருக்காருன்னு நெனச்சேன். மூணு நினைவூட்டல் அனுப்பினேன். கடை பூட்டியிருக்குன்னு திரும்பி வந்திடுச்சு." நினைவூட்டல் ஒன்றை எடுத்துக் காட்டினார். 'ஐயா, இம்மாதம் தங்களிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை. தாங்கள் நலமா என்பதைத் தெரிவிக்கவும்' என்று தட்டச்சு செய்திருந்தது.

அதன்பிறகு முழுக் கதையையும் அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் மாமனார் இந்தக் கத்தியைப் புதிதாக வாங்கி, ஒரு முக்கியமான காலை வேளையில் முதல்முறையாகச் சவரம் செய்திருக்கிறார். கத்தி இடது பக்கம் இழுத்து அவருடைய மீசையில் பாதியைக் கொண்டு போய்விட்டது. மிச்சத்தையும் அவரே எடுக்க வேண்டியதாயிற்று. கல்யாணம் முடிந்த முதல் மாதமே புகார் எழுதினார். கத்தியை அனுப்புங்கள், பரிசோதிக்கிறோம் என்று கம்பெனி பதில் போட்டது. கத்தியை அனுப்பினால் தடயத்தை அழித்துவிடுவீர்கள், நீங்கள் வந்து பாருங்கள் என்று அவர் பதில் போட்டார். அலுவலர் யாரும் வெளியே போய்ப் பார்க்க விதியில் இடமில்லை என்று கம்பெனி எழுதியது. அவ்வளவுதான். அங்கேயே நின்றுவிட்டது. புகார் முடியாமல் பிரிவை மூடக் கூடாது என்று ஒரு விதி இருந்ததால், கத்தி போய்ச் சக்கரம் வந்த பிறகும் பிரிவு மட்டும் அப்படியே இருந்தது.

"மத்தவங்க யாரும் புகார் பண்ணலையா?"

"மத்தவங்க கத்தியைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. இவர் ஒருத்தர்தான் எழுதினார்."

பிறகு அவர் கத்தியைத் திறந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு விளிம்பாகப் பார்த்தார். முகம் வாடியது.

"சாணை பிடிச்சீங்களா?"

"ஆமாங்க. இடது பக்கம் கொஞ்சம் தடிப்பா இருந்தது. சரி பண்ணிட்டேன்."

"சோப்பு ஒட்டியிருந்திருக்குமே? முடி?"

"கழுவிட்டேன்."

அவர் கத்தியை மெல்ல மடக்கி வைத்தார். பிறகு, துக்கம் விசாரிக்கிற குரலில், "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். "அடுத்த செவ்வாய் கமிட்டியைக் கூட்டுறேன். வாரிசு யாராவது வரணும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மெல்லிய குரலில்தான் சொன்னேன். மாமியாருக்குக் காது கூர்மை. ஈரக் கையோடு வந்து நின்றார்.

"முப்பத்தேழு வருஷமா ஒரு கத்திக் கம்பெனிக்கா எழுதினார்?"

"ஆமா அத்தை."

அவருடைய முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவமானம்தான் வந்தது. "ஒரு கத்திக்காகவா நான் இத்தனை வருஷம் உப்ப அள்ளிக் கொட்டினேன்?" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார். "பதில் போட்டது யாரு?"

"அங்க ஒரு அதிகாரி."

"ஆம்பளையா பொம்பளையா?"

மனைவி என் காலை மிதித்தாள். ஆனால் அதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. "பொம்பளை."

மாமியார் தலையை ஆட்டினார். அவருடைய முகம் ஒருவிதத்தில் தெளிந்தது. "அதானே பாத்தேன். செவ்வாய்க்கிழமை நானும் வர்றேன் மாப்பிள்ளை."

செவ்வாய்க்கிழமை காலை அவர் தலைவாரிய அழகைப் பார்த்து, கமிட்டிக்குப் போகிறாரா, கல்யாணத்துக்குப் போகிறாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. புகார் அதிகாரி அறை வாசலிலேயே நின்று வரவேற்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தலையிலிருந்து கால்வரை அளந்தார்கள்.

"நீங்கதான் அவரோட வீட்டுக்காரம்மாவா? உங்களப் பத்தி நிறைய எழுதியிருக்கார்."

"உங்களப் பத்தி அவர் எங்கிட்ட மூச்சு விட்டதில்ல" என்றார் மாமியார்.

கமிட்டியில் மூன்று பேர். சக்கரப் பிரிவு மேலாளர், சட்ட ஆலோசகர், தரக்கட்டுப்பாட்டுக்காரர். மூவரும் சவரக்கத்தி காலத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். ஆனாலும் கடமையில் குறை வைக்கவில்லை. தரக்கட்டுப்பாட்டுக்காரர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கத்தியை இருபது நிமிடம் பார்த்தார்.

"இதுல குறையே இல்லையே. கண்ணாடி மாதிரி இருக்கு."

"குறை இருந்தது" என்றேன். "நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன் சார் எடுத்தீங்க?" என்றார் சட்ட ஆலோசகர், நான் அவர் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டதுபோல. "கத்தி புகார் வந்த நிலையில இருந்தாதான் புகாரை ஏற்கவும் முடியும், தள்ளவும் முடியும். இப்ப ரெண்டும் முடியாது."

மேலாளர் பேனாவைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "எடுத்த குறையைத் திரும்ப வைக்க முடியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லென்ஸைச் சமமாகத் தேய்த்தே இருபது வருடம் பழகியவன். கோணலாகத் தேய்க்க எனக்குக் கை வராது என்று உள்ளதைச் சொன்னேன்.

"நான் வைக்கிறேன்" என்றார் புகார் அதிகாரி.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஏழாம் நம்பர் நான்தான் சார்."

அவர் அதைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்போலச் சொல்லவில்லை. ஊரிலேயே பெரிய வீடு யாருடையது என்று கேட்டால் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். இந்தக் கம்பெனியில் அவர் முதலில் சேர்ந்தது சாணைப் பட்டறையில். ஏழாம் எண் சக்கரத்தில். இடது கைப் பழக்கம். மற்றவர்கள் வலது கைக்காக வைத்திருந்த சக்கரத்தில் அவர் பிடித்த கத்திகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. பார்வைக்குத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கத்திகள். பிறகு மாமனாரின் புகார் வந்தது. அந்தப் புகார் முடியும்வரை தற்காலிகமாகப் புகார் பிரிவில் உட்காரு என்று அப்போதைய மேலாளர் அனுப்பிவிட்டார். அந்தத் தற்காலிகம்தான் இவ்வளவு நாள் நீண்டுவிட்டது.

நான் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தேன். மாமியார் என்னை முறைத்தார்.

பழைய சாணைச் சக்கரம் ஒன்று பின்கட்டில், கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கி மோட்டாரில் பொருத்தினார்கள். அதிகாரி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கத்தியை இடது கையால் பிடித்தார். பொறி பறந்தது. நாலு இழுப்பு, திருப்பி மூன்று இழுப்பு. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடுத்ததை அவர் ஒரு நிமிடத்தில் திரும்ப வைத்துவிட்டார். விளிம்போடு பார்த்தேன். இடது கன்னத்தில் அதே மயிரிழை. அப்படியொரு சுத்தமான கோணலை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"சோதனை பண்ணிப் பாக்கணும்" என்றார் தரக்கட்டுப்பாட்டுக்காரர்.

அறையில் மீசை வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மேலாளர் தனக்குச் சாயங்காலம் ஒரு வரவேற்பு இருப்பதாகச் சொன்னார். தரக்கட்டுப்பாட்டுக்காரர், சோதனை செய்கிறவரே சோதனைப் பொருளாக முடியாது என்றார். மூன்றாவது மீசை என்னுடையது. சட்ட ஆலோசகர் என்னைப் பார்த்து, "வாரிசுதாரர் தரப்புல நீங்கதான பொருத்தம்" என்றார்.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் தலைமாட்டில் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்கள். சோப்பு பூசிக்கொண்டேன். புகாரில் உள்ளபடி வலது கன்னத்தில் ஆரம்பித்து மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது இழுப்பு. அப்போதும் ஒன்றும் இல்லை. நான் நம்பிக்கை வந்து மீசையின் ஓரத்தை ஒழுங்குபடுத்தப் போனேன். கத்தி என் கையைக் கேட்காமலே இடது பக்கம் திரும்பியது. நாய் தெரிந்த வீட்டுக்குப் போகிறதுபோல் போனது. வலி துளியும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பாதி மீசை இல்லை.

"குறை நிரூபணம்" என்று எழுதினார் மேலாளர். தரக்கட்டுப்பாட்டுக்காரர் தன்னை மறந்து கை தட்டிவிட்டார்.

அடுத்ததாக, குறையினால் புகார்தாரருக்கு ஏற்பட்ட இழப்பு என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி மாமனாரின் முதல் கடிதத்தை எடுத்து வாசித்தார்.

"'ஐயா, என் மீசையில் பாதி போயிற்று. மீசை மீண்டும் வளரும், இதற்கு ஏன் புகார் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்குத்தான் நான் ஒரு பெண்ணை முதன்முதலாகப் பார்க்கப் போனேன். மீசை இல்லாத என் முகம் பிடித்திருப்பதாக அவள் சொல்லிவிட்டாள். நாங்கள் திருமணம் செய்துகொண்டோம். இனி நான் மீசை வளர்க்க முடியாது. ஆகவே என் இழப்பு நிரந்தரமானது. மாதாமாதம் நேர்வது.'"

அப்போதுதான் எனக்கு அந்த மாதாந்தரக் கணக்கு விளங்கியது. அடுத்து வந்த எல்லாக் கடிதங்களும் ஒரே வரியில் ஆரம்பித்தன. 'இந்த மாதமும் மீசை இல்லாமலே கழிந்தது.'

"எங்கண்ணன் வேலை பாத்த போட்டோ ஸ்டுடியோவுல வச்சுதான் பாத்தோம்" என்றார் மாமியார், யாரிடம் என்றில்லாமல். "அதுக்கு முன்னாடி ரெண்டு பேர வேண்டாம்னேன். ரெண்டு பேருக்கும் மீசை. எனக்கு மீசையக் கண்டாலே ஆகாது. இவர் மழுமழுன்னு வந்து நின்னார். சரின்னுட்டேன். அவருக்கு மீசை ஆசை இருந்துதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"சொல்லியிருந்தா வச்சுக்க விட்டிருப்பீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

மாமியார் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "மாட்டேன்" என்றார்.

"இப்ப இது இழப்பா, லாபமா?" என்று குழம்பினார் சட்ட ஆலோசகர். அரை மணி நேரம் மூவரும் வாதாடினார்கள். குறை உண்டு, இழப்பும் உண்டு, ஆனால் புகார்தாரர் இழப்பினால் மகிழ்ச்சியாக வாழ்ந்திருக்கிறார் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கடைசியில் ஓரத்தில் எழுதினார்கள். வருத்தக் கடிதம் ஒன்று தட்டச்சானது. அதில் 'சாணை பிடித்தவர்' என்ற இடத்தில் வெறும் ஏழு என்று போட்டிருந்தார்கள். அதிகாரி அதை அடித்துவிட்டுத் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா புகார் முடிஞ்சுதும்மா" என்று மாமியாரிடம் பேனாவை நீட்டினார் மேலாளர். "கோப்பை அழிச்சிடுவோம். பிரிவை மூடிடலாம்."

மாமியார் பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, நிறுத்தினார். "கோப்பை அழிச்சிடுவீங்கன்னா?"

"எரிச்சிடுவோம். விதி."

"எத்தனை கடுதாசி இருக்கு?"

"நானூத்து நாப்பது" என்றார் அதிகாரி, அலமாரியைப் பார்க்காமலே. "முதல் அஞ்சு வருஷத்துலதான் கத்தியைப் பத்தி எழுதியிருப்பார். அப்புறம் முதல் வரி மட்டும்தான் மீசை. மிச்சமெல்லாம் வீட்டு விஷயம்."

"வீட்டு விஷயமா? எங்கிட்ட ஒரு நாளும் நாலு வார்த்தை சேந்தாப்புல பேசினதில்லையே அந்த மனுஷன்!"

மாமியார் பேனாவை மூடி மேலாளரிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

கோப்பை வெளியே கொடுக்க முடியாது என்றார் சட்ட ஆலோசகர். ஆனால் வாரிசுதாரர் அலுவலக நேரத்தில், அதிகாரி முன்னிலையில், செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தடவைக்குப் பத்துக் கடிதம் வீதம் பார்வையிடலாம் என்று அவரே விதியையும் கண்டுபிடித்துச் சொன்னார். நாற்பத்துநாலு வாரம். அதிகாரி ஓய்வு பெற நாற்பத்தாறு வாரம் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடினார்.

அன்று மாலை பஸ்ஸில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மிச்சப் பாதியையும் பழைய பிளேடால் எடுத்துவிட்டேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் மட்டும், "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கீங்க மாப்பிள்ளை, இப்படியே இருங்க" என்றார். நான் மறுநாளே வளர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் செவ்வாய் அவர் போய்வந்தபோது முகம் கடுகடு என்று இருந்தது. அதிகாரியோடு சண்டை. நாலாவது செவ்வாய் இரண்டு டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஏழாவது செவ்வாய் வாசல்படி ஏறும்போதே சிரிப்பு.

"அந்தாளு என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் உப்பு அதிகமாகிறது. காரணம் விளங்கவில்லை. என் மனைவி மனசு நோகும் என்பதால் நான் கேட்கவில்லை.' அதுக்கு இவ பதில் போட்டிருக்கா, 'உப்பு எங்கள் தயாரிப்பு அல்ல. எனினும் கடையை மாற்றிப் பார்க்கவும்'னு." சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் அதிகாரி அவருக்கு 'இவ' ஆகியிருந்ததை நாங்கள் கவனித்தோம்.

சில செவ்வாய்களில் வந்ததும் நேராகப் போய்ப் படுத்துக்கொள்வார். என் மனைவி பிறந்த வருடத்துக் கடிதங்களைப் படித்த வாரம் மூன்று நாள் அப்படித்தான் இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கடிதத்தை வரிக்கு வரி நினைவிலிருந்து சொன்னார்.

போன செவ்வாய் முப்பத்தைந்தாவது தடவை. மாமியார் வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க வருஷம் ஆரம்பிச்சிருக்கு மாப்பிள்ளை."

கல்யாணமான புதிதில் நான் அவருடைய தையல் மெஷினை எண்ணெய் போடுகிறேன் பேர்வழி என்று கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் இரண்டு நாள் விழித்தவன். அவர் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. போதாதற்கு, கடையைக் காலி செய்தபோது பரணில் கிடந்த காகிதக் கட்டுகளை எல்லாம் என்ன ஏது என்று பிரித்துப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் போட்டவனும் நான்தான். அந்தப் பெண்மணியின் அத்தனை பதில்களும் அதில்தான் போயிருக்க வேண்டும்.

"என்ன எழுதியிருக்கார்?"

"'மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நல்லவர். மெஷினைக் கெடுத்துவிட்டார், ஆனால் நல்லவர்'னு எழுதியிருக்கார்." மாமியார் கொஞ்சம் நிறுத்தினார். "'அடர்த்தியான மீசை. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்'னு எழுதியிருக்கார்."

என்னை அறியாமல் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தேன். எட்டு மாத வளர்ச்சி. பழையபடி நிறைந்திருந்தது. மாமியாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வழக்கமான சுளிப்பு வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை.

"இன்னும் தொண்ணூறு இருக்கு" என்றார். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இதுல வலது பக்கம் மங்கலா இருக்கு. அடுத்த செவ்வாய்க்குள்ள பாத்துக் குடுங்க. அவளோடதும் சரியில்லையாம், கொண்டுவரச் சொல்லியிருக்கேன்."